மார்கழிப் பனியும் சைக்கிள் மிதியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

"குளிரில் மிதித்தால் களைப்புத் தெரியாதடா" என்பது என் தந்தையார் அடிக்கடி சொல்லும் வார்த்தை. தம்மம்பட்டியில் மரச்சிற்ப வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கல்லூரிக்கு வந்துவிட்ட மிடுக்கில் நான் அதை மறுத்தேன். காரணமும் வைத்திருந்தேன். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. சித்திரை நண்பகல் 38 டிகிரி, மார்கழி விடியல் 18 டிகிரி எனக் கொண்டால், அடர்த்தி நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு கூடுகிறது. வேகமாகச் செல்பவனுக்குக் காற்றுதான் முதல் எதிரி. 2015இல் லண்டனில் பிராட்லி விக்கின்ஸ் ஒரு மணி நேரத்தில் 54.526 கி.மீ. ஓட்டிச் சாதனை செய்தபோது, ஓடுகள அரங்கை வேண்டுமென்றே சூடாக வைத்திருந்தார்கள். "அப்பா, வெயிலில்தான் வேகம்!" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உளி தீட்டப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. ஒரு மணி நேர வேகம் வேறு, நெடுந்தூரம் வேறு. தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்கு அளவே பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். அதை வெளியேற்ற முடியாத உடல் படுத்துவிடும். 1997இல் காலோவே, மௌகன் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், எட்டுப் பேரை ஒரே கடுமையில், இனி முடியாது என்னும்வரை மிதிக்க வைத்தார்கள். 31 டிகிரியில் சராசரியாக 52 நிமிடம். 21 டிகிரியில் 81. 11 டிகிரியில் 94. ஆனால் 4 டிகிரியில் மீண்டும் 81க்கு இறங்கிவிட்டது. ஆக, நம் மார்கழி நமக்குப் பகையன்று, வரப்பிரசாதம்!

குளிர் கொல்வது இறக்கத்தில்தான். இறங்கும்போது கால் ஓய்கிறது, சூடு பிறப்பதில்லை, காற்று மட்டும் அறைகிறது. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியச் சுற்றுப் போட்டியில், பனி கொட்டும் காவியா கணவாயை முதலில் கடந்த வான் டெர் வெல்டே, இறக்கத்தில் விறைத்துப்போய் முக்கால் மணிக்கு மேல் பின்தங்கினார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மார்கழி விடியலில் இறங்கியவர்களுக்கு இதன் சிறு அளவு தெரியும்: பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காது. தந்தையாரும் வெயில் ஏறும்வரை நுண்ணிய வேலைக்கு உளியைத் தொடமாட்டார். இறக்கத்துக்கு முன் சட்டைக்குள் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொண்டால் நெஞ்சுக்குக் காப்பு. ஐரோப்பிய வீரர்களின் பழைய உபாயமும் இதுவே.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. சென்ற மார்ச்சில் எங்கள் பக்கம் நடந்த ஒரு நெடுந்தூரப் போட்டியைக் காலை பதினொரு மணிக்குத் தொடங்கி வைத்தார்கள். விருந்தினர் வரத் தாமதமாம்! என்னுடன் ஓட்டிய நண்பன் பாதி வழியில் புளியமரத்தடியில் சுருண்டு விழுந்தான். "சாப்பிடாமல் வந்திருப்பான்" என்றார்கள். சாப்பிட்டுத்தான் வந்தான், இட்லி வாங்கிக் கொடுத்தவன் நான்.

சைக்கிள் போட்டியை மட்டுமாவது விளையாட்டு விழாவிலிருந்து பிரித்து, அரையாண்டு விடுமுறைக்கு முன்பே மார்கழியில் நடத்த வேண்டும் என்பது என் கருத்து. சாலை நன்றாகத் தெரியும் ஆறரை மணிக்குத் தொடங்கலாம். முதல் அரைமணி மெல்ல மிதிக்கட்டும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் கொடுக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் கவனிப்பார்களாக. முதல் பெயர் என்னுடையது.

தந்தையாரிடம் மட்டும் இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை.