பிரேக் உங்கள் காலடியில் இருக்கட்டும்



கோடை நெருங்கினால் போதும், அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களின் கடிதங்கள் படகைச் சுற்றியே வரத் தொடங்கிவிடும். எந்த எஞ்சின் வாங்கலாம், எந்த ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் என்று கேட்பார்கள். இந்த முறை பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "டிரெய்லரில் இருக்கும் சர்ஜ் பிரேக்கை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக்-ஹைட்ராலிக் பிரேக் போடலாமா? போட்டால் எதைப் பார்த்து வாங்குவது?"

தனித்தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நெடுஞ்சாலையில் மூன்று டன் சுமை ஒன்று உங்கள் பின்னால் வரும்போது, அக்கம்பக்கத்தில் போகிறவர்களின் உயிரும் அதன் பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகும் டிரெய்லரும் சேர்ந்து ஐயாயிரம் பவுண்டைத் தாண்டுகிறது, எப்போதும் உங்கள் சொந்த வண்டியில்தான் இழுக்கிறீர்கள் என்றால், மாறிவிடுங்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன், பழையதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பேருந்து சட்டென்று நின்றால் நின்றுகொண்டு வருகிறவர்கள் முன்னால் சாய்வார்கள் அல்லவா, அந்த உந்துதலை வைத்துத்தான் சர்ஜ் பிரேக் இயங்குகிறது. முன்வண்டியின் வேகம் குறைந்ததும் டிரெய்லர் அதன்மேல் முட்டப் பார்க்கும். அந்த வேகத்தில், டிரெய்லரை முன்வண்டியோடு இணைக்கும் கப்ளரின் நகரும் பகுதி உள்ளே சரிந்து மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். பிரேக் ஆயில் சக்கரங்களுக்குப் பாயும். முன்வண்டியில் டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் வேண்டாம், எந்த வண்டியில் மாட்டினாலும் பிரேக் பிடிக்கும். வணிக டிரெய்லர்களிலும் இதைப் பயன்படுத்த அமெரிக்க மத்திய போக்குவரத்து விதிகள் 2007இல் அனுமதி தந்தன. ஆனால் எடைக் கட்டுப்பாடு உண்டு. டிரெய்லர் 12,000 பவுண்டு வரை என்றால் அது முன்வண்டியின் எடைத் தகுதியைப் போல 1.75 மடங்குக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டி 20,000 பவுண்டு வரை 1.25 மடங்குதான். முன்வண்டி இலேசாகவும் பின்சுமை கனமாகவும் இருந்தால் இந்த முறை தடுமாறும் என்பது விதியை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்தத் தடுமாற்றத்தைப் படகுக்காரர்கள் முதலில் உணர்வது தண்ணீரோரத்தில். படகை இறக்கும் கான்கிரீட் சரிவை நினைத்துப் பாருங்கள். பாசி படிந்து வழுக்கும். வண்டியைப் பின்னால் விட்டு இறக்குகிறீர்கள். பின்சக்கரங்கள் ஈரத்துக்கு வந்துவிட்டன. பிரேக்கை மிதிக்கிறீர்கள். இப்போது டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளவில்லை, தண்ணீரை நோக்கி இழுக்கிறது. கப்ளர் உள்ளே சரிவதற்குப் பதிலாக வெளியே இழுபடுகிறது. அதனால் சர்ஜ் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. படகு, டிரெய்லர், முன்வண்டி மூன்றின் எடையையும் பிடித்து நிறுத்துவது முன்வண்டியின் நான்கு சக்கரங்கள் மட்டும். அவற்றிலும் இரண்டு பாசியின் மேல் நிற்கின்றன. எலெக்ட்ரிக்-ஹைட்ராலிக் இருந்தால், நீங்கள் மிதித்த அதே நொடியில் டிரெய்லர் சக்கரங்களுக்கும் கட்டளை போகும். நான் இந்த முறையை வற்புறுத்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சாலையிலும் இதே கதைதான். டிரெய்லர் இடமும் வலமும் அலையத் தொடங்கினால் முன்வண்டியின் பிரேக்கைத் தொடாமல் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடிப்பதுதான் அதை நேராக்கும் வழி. சர்ஜ் பிரேக்கில் அதற்கு வழியே இல்லை. கன்ட்ரோலர் இருந்தால் கைவிரலால் செய்யலாம். நீண்ட மலையிறக்கத்தில், கலிபோர்னியாவின் கிரேப்வைன் போன்ற 6 சதவீதச் சரிவில், எஞ்சினை வைத்தே வேகத்தை அடக்கிக்கொண்டு இறங்கினாலும் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும். சர்ஜ் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்து கொதித்துவிடும்.

அப்படியானால் கேரவன்களில் இருக்கும் வெறும் மின்சார பிரேக் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதில் டிரம்முக்குள்ளேயே மின்காந்தமும் வயரும் இருக்கும். உப்புத் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தால் அவை நிலைக்காது. படகுக்கு அது வேண்டாம்.

எலெக்ட்ரிக்-ஹைட்ராலிக்கில் மின்சாரப் பகுதி தண்ணீருக்கு எட்டாமல் டிரெய்லரின் முன்கழுத்தில் உட்கார்ந்திருக்கும். ஆக்சுவேட்டர் என்கிறார்கள், ஒரு மோட்டார், ஒரு பம்ப், ஓர் ஆயில் தொட்டி. முன்வண்டியின் ஏழு முனை பிளக்கில் நீல வயர் வழியாக கன்ட்ரோலரின் சமிக்ஞை வரும். அது எவ்வளவு பலமாக வருகிறதோ அவ்வளவு அழுத்தத்தைப் பம்ப் உண்டாக்கும். சக்கரத்தில் இருப்பது வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்தான்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது: சக்கரத்தில் டிரம்மா, டிஸ்க்கா? டிரம்முக்கு 1,000 பி.எஸ்.ஐ. ஆக்சுவேட்டர், டிஸ்க்குக்கு 1,600. விலை குறைவாகக் கிடைக்கிறது என்று மாற்றி வாங்காதீர்கள். டிஸ்க்குக்கு 1,000 போட்டால் பிடி போதாது; டிரம்முக்கு 1,600 போட்டால் உள்ளேயிருக்கும் வீல் சிலிண்டர் தாங்காது. உப்புத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் இதே செலவோடு டிஸ்க்குக்கும் மாறிவிடுவது நல்லது. டிரம் உப்பைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். டிஸ்க்கைக் குழாயடியில் நிறுத்திக் கழுவிவிடலாம்.

அடுத்து கன்ட்ரோலர். தொழிற்சாலையிலிருந்தே அதோடு வரும் பிக்கப்புகளில் சில, எதிர்முனையில் மின்காந்தம் இருக்கும் என்று எதிர்பார்க்கும். பம்பைப் பார்த்ததும் டிரெய்லரே மாட்டப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளும். புதிய வண்டிகள் பலவற்றின் மெனுவில் எலெக்ட்ரிக்-ஹைட்ராலிக் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. பழைய வண்டிக்கு இடையில் ஓர் அடாப்டர் தேவைப்படலாம். ஆக்சுவேட்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள், வேகம் குறையும் அளவுக்கு ஏற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வகையையே வாங்குங்கள். டெகான்ஷா ப்ராடிஜி பி3 போன்றவற்றில் எலெக்ட்ரிக்-ஹைட்ராலிக் முறைக்கென்றே தனி அமைப்பு இருக்கிறது.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பம்ப் மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். மெல்லிய வயரில் அது சோர்ந்துபோய் அழுத்தம் தாமதமாக ஏறும். எர்த் வயரை டிரெய்லர் சட்டத்தில் ஒரு திருகில் முடுக்கிவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அலுமினியச் சட்டமும் துருவேறிய கப்ளரும் எர்த்துக்கு நம்பகமானவை அல்ல. பிளக்கின் வெள்ளை வயர் வரை தனிக் கம்பி இழுங்கள். பழைய சர்ஜ் கப்ளரை எடுத்துவிட்டு நகராத கப்ளர் போடுவதுதான் முறை. பின்னால் போகும்போது சர்ஜ் பிரேக்கைத் தடுக்க வைத்திருந்த சோலினாய்டுக்கும் இனி வேலை இல்லை.

டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாக பிரேக் பிடிக்க வைக்கும் பிரேக்-அவே பேட்டரியை வாசகர்கள் ஏனோ அலட்சியமாகவே பார்க்கிறார்கள். வணிக டிரெய்லர்களுக்கான மத்திய விதி, கழன்ற பிறகு 15 நிமிடமாவது பிரேக் பிடித்தபடி நிற்க வேண்டும் என்கிறது. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த பேட்டரி அதைச் செய்யுமா? சீசனின் முதல் நாளில் பிரேக்-அவே சுவிட்சின் ஊசியை இழுத்துவிட்டு, வண்டியை மெல்ல நகர்த்திச் சோதித்துப் பாருங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். விளக்கு எரிந்துபோகும் என்று, தண்ணீரில் இறக்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது பலருக்கு வழக்கம். எலெக்ட்ரிக்-ஹைட்ராலிக்கில் பிளக்கைப் பிடுங்கினால், மிக அவசியமான இடத்தில் பிரேக் போய்விடும். மூடி முத்திரையிட்ட எல்.இ.டி. விளக்குகளை மாட்டிவிட்டு, பிளக்கை அப்படியே விடுங்கள். பிடுங்க வேண்டிய கவலையே தீர்ந்தது.

யாருக்கு இது வேண்டாம்? பதினாறு அடி அலுமினியப் படகு வைத்துக்கொண்டு பக்கத்து ஏரியோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு வேண்டாம். நண்பர்களின் வண்டியிலோ வாடகை வண்டியிலோ மாற்றி மாற்றி இழுக்கிறவர்களுக்கும் வேண்டாம். கன்ட்ரோலர் இல்லாத வண்டியில் மாட்டினால் இந்த டிரெய்லருக்கு பிரேக்கே இல்லை. ஆக்சுவேட்டருக்கு மட்டும் பல நூறு டாலர் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக எடை தெரிய வேண்டும். விற்பனைத் தாளில் இருப்பது பெரும்பாலும் வெறும் படகின் எடை. நூறு கேலன் பெட்ரோல் மட்டுமே அறுநூறு பவுண்டு. பேட்டரி, ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் அதற்கு மேல். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். டெக்சாஸில் அந்த எல்லை 4,500. டிரக்குகள் நிற்கும் இடங்களில் எடைமேடை இருக்கிறது, பெரிய செலவு ஆகாது. புறப்படும் நிலையில், டாங்கை நிரப்பிக்கொண்டு போய் நிறுத்திப் பாருங்கள்.

எடைமேடை தரும் சீட்டில் உள்ள எண், முன்வண்டியின் ஆண்டும் மாடலும், டிரம்மா டிஸ்க்கா, நீங்கள் படகை இறக்குவது உப்புத் தண்ணீரிலா நல்ல தண்ணீரிலா: இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் டிரெய்லருக்கு எது பொருந்தும் என்று நம் தொழில்நுட்பப் பகுதி நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்து, அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்