மிதுக்கங்கொடிக்கு வீட்டில் இடம் கொடுங்கள்!

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் மழை பெய்ததும் ஒரு கொடி தானாக முளைக்கும். பருத்திக்கும் சோளத்துக்கும் நடுவே தரையில் படரும். கோழி முட்டையைவிடச் சிறிய காய்கள் காய்க்கும். அதுதான் மிதுக்கங்காய். பார்த்தால் குட்டி வெள்ளரிக்காய்! கடித்தாலோ கசப்பு!

அந்தக் கசப்பை அடக்கி, சுவையான வற்றல் ஆக்கினார்கள் நம் பாட்டிமார்கள்.

இந்தக் கொடியைப் பெரும்பாலும் யாரும் விதைப்பது இல்லை. பிடுங்காமல் விட்டார்கள்; பிழைத்தது. இப்போது களைக்கொல்லி மருந்து அடிக்கிறார்கள். மருந்துக்குக் களையும் ஒன்றுதான், கறிகாயும் ஒன்றுதான். காட்டில் இடம் இழக்கும் கொடிக்கு நம் வீட்டுத் தோட்டத்தில் இடம் கொடுக்க வேண்டாமா?

வளர்ப்பது எளிது. புரட்டாசி, ஐப்பசியில் சிறு குழி எடுத்து, மக்கிய எருப் போட்டு, 4 விதை ஊன்றுங்கள். வேலியில் ஏற்றி விடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. முதலில் வரும் ஆண் பூக்கள் உதிர்ந்துவிடும். பயப்படாதீர்கள்! அடியில் பிஞ்சு உள்ள பூக்கள் பின்னால் வரும். அவை காயாக வண்டும் தேனீயும் வேண்டும். ஆகவே பூச்சி மருந்து அடிக்காதீர்கள்.

முற்றாத காயைப் பறித்துக் கழுவுங்கள். இரண்டாக நறுக்குங்கள். உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊற வையுங்கள். காலையில் எடுத்து வெயிலில் காய வையுங்கள். மாலையில் மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் வற்றும்வரை இப்படிச் செய்து, பிறகு கலகலவென்று காய விடுங்கள். எண்ணெயில் பொரித்தால் தயிர் சோற்றுக்கு வேறு கறி வேண்டாம்! இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் உப்பை நினைத்து அளவாகத் தின்ன வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: காட்டில் கண்ட கசப்புக் காயை எல்லாம் பறித்துச் சமைக்கக் கூடாது. பேய்க்கும்மட்டிக் காயும் தரையில் படர்வதுதான். அது கடுமையான பேதியை உண்டாக்கும். விவரம் தெரிந்த விவசாயியிடம் விதை கேட்டு வாங்குங்கள்.

எல்லாக் காயையும் வற்றல் போட்டுவிடாதீர்கள். இரண்டைக் கொடியிலேயே பழுக்க விட்டு விதை எடுங்கள். முலாம்பழக் கொடி பக்கத்தில் இருந்தால் இனம் கலந்துவிடும், தள்ளி வையுங்கள்.

கடையில் எளிதில் கிடைக்காத விதை இது. அடுத்த வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் முளைக்கும்!