ஏமாந்தவரைத் திட்டினால் மோசடி குறையாது

சென்னையின் நெரிசலைக் குறைப்பதற்காகத் துணை நகரமாக உருவாக்கப்பட்ட மறைமலை நகரில் இன்று பல தரப்பு மக்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், வாகன உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு நிறுவன உரிமையாளர்கள், பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பக்கம் விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், பி.எஃப். பணத்தில் வீடு கட்டிக் குடிவந்த ஓய்வூதியர்கள் என எல்லோரும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பொருந்தும்படி ஒரு பொய்யும் தயாராக இருக்கிறது. தொழிலாளிக்கு ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப், மாணவருக்கு வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை, நிறுவன உரிமையாளருக்கு ‘எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று வரும் மின்னஞ்சல், ஓய்வூதியருக்கு ‘சிபிஐயிலிருந்து பேசுகிறோம்’ என்று மிரட்டும் வீடியோ அழைப்பு. பணம் போன சேதி வெளியே தெரிந்ததும் ஊரும் உறவும் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: ‘படிச்சவங்கதானே, இதுகூடவா தெரியாது?’ இந்தக் கேள்வியால் லாபம் அடைபவர் மோசடிக்காரர் ஒருவரே. பறிகொடுத்தவரைக் கூண்டில் ஏற்றும் பழக்கத்தை வீடும் வங்கியும் காவல் நிலையமும் கைவிட்டால்தான் இந்தக் குற்றத்தைக் கட்டுப்படுத்த முடியும்.

மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி, இணையவழி நிதி மோசடிகளில் இந்தியர்கள் 2023இல் இழந்தது 7,465 கோடி ரூபாய்; 2024இல் 22,845 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் மட்டும் 2024இல் சுமார் 1,673 கோடி ரூபாய் பறிபோனது. ஓராண்டில் இழப்பு மூன்று மடங்கானதற்கு, மக்களின் புத்தி அந்த ஓராண்டில் மழுங்கிப்போனது காரணமாக இருக்க முடியாது. எதிர்முனையில் இருப்பவர்தான் மாறியிருக்கிறார். தனி ஆளாகக் கைவரிசை காட்டிய காலம் போய், மோசடி ஒரு தொழிற்சாலையாகிவிட்டது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி வேலையில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. 2025 மார்ச்சில் மியான்மரின் மோசடி முகாம்களிலிருந்து மீண்ட 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் தாய்லாந்து வழியாக அழைத்து வந்தன. டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப்போய் இத்தகைய முகாம்களில் சிக்கியவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. எழுதிக் கொடுத்த வசனத்தோடும் அன்றாட இலக்கோடும் ஓர் அமைப்பே தாக்கும்போது, எதிரே தனியாகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் ‘விழிப்புணர்வு’ மட்டும் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்?

விழிப்புணர்வு என்ற பெயரில் நாம் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது மோசடியின் வெளித்தோற்றத்தைத்தான். பல வீடுகளுக்கு வந்த ஈபி மெசேஜையே எடுத்துக்கொள்வோம். ‘போன மாத பில் அப்டேட் ஆகவில்லை. இன்று இரவு 9.30க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்’ என்று ஒரு செல்போன் எண்ணோடு அது வரும். அழைத்தால், திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, சரிபார்ப்பதற்காகப் பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்வார்கள். கட்டும்போது நாம் தட்டும் எழுத்தெல்லாம் அவர்கள் திரையில் தெரியும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள் என்பதால், ‘போன மாத பில்’ என்ற சொல்லே இதைக் காட்டிக்கொடுத்தது. நாளை அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு ஒரு நொடி போதும். எழுத்துப்பிழை, கொச்சை மொழி, மங்கலான முத்திரை என்று நாம் அடையாளம் வைத்திருந்தவற்றை ஏஐ கருவிகள் ஏறக்குறைய துடைத்துவிட்டன. பிழையில்லாத தமிழும் பழகிய குரலும் இன்று எவருக்கும் கிடைக்கும். தோற்றத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்றவர், தோற்றம் சரியாக இருந்தால் கூடுதலாக நம்பிவிடுகிறார்.

ஆனால், எந்த மோசடியாலும் மறைக்க முடியாத மூன்று அடையாளங்கள் இருக்கின்றன: இப்போதே செய் என்னும் அவசரம், யாரிடமும் சொல்லாதே என்னும் ரகசியம், ஓடிபி, பின் எண், திரை அல்லது பணத்தை என்னிடம் ஒப்படை என்னும் கோரிக்கை. இவற்றை எடுத்துவிட்டால் மோசடியே நடக்காது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ இதற்குச் சரியான சான்று. உங்கள் ஆதாரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டது என்று தொடங்குவார்கள். பிறகு சீருடையில் ஒருவர் வீடியோவில் வருவார். கேமராவை அணைக்காதே, அறையை விட்டு வெளியேறாதே, மனைவியிடம்கூடச் சொல்லாதே என்பார். முடிவில், சோதித்துத் திருப்பித் தருவதாகச் சொல்லி சேமிப்பு முழுவதையும் ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று எதுவுமே கிடையாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூட போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது. இருந்தும், வர்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வாலையே 2024இல் இத்தகைய கும்பல் ஒன்று போலியான உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றைத் திரையில் நடத்திக் காட்டி நம்பவைத்து, 7 கோடி ரூபாயைப் பறித்தது. ஒரு பெரும் தொழில் குழுமத்தை நடத்துபவரே சிக்கினார் என்றால், படிப்பும் அனுபவமும் இதற்குக் கவசம் ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உடனே புகார் போனதால் அவர் இழந்ததில் ஐந்து கோடிக்கு மேல் மீட்கப்பட்டது.

ஆகவே, அழைப்பவர் உண்மையானவரா என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, அழைப்பைத் துண்டித்துவிட்டு நாமே அழைப்பதுதான் பாதுகாப்பு. வங்கியென்றால் ஏடிஎம் அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்கு, ஈபி என்றால் நம் பிரிவு அலுவலகத்துக்கு, போலீஸ் என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. அதைக் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள். போக்குவரத்து அபராதம் என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொடவே கூடாது. தொழிற்பேட்டை நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் வரும் ஆபத்து இன்னும் நுட்பமானது. சரக்கு கொடுக்கும் நிறுவனத்தின் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, பழைய கடிதப் போக்குவரத்தின் தொடர்ச்சிபோல, இன்வாய்ஸ் தொகையைப் புதிய கணக்கில் செலுத்தும்படி எழுதுவார்கள். கணக்கு எண் மாற்றம் என்று எந்த மின்னஞ்சல் வந்தாலும், அதில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே கைவசம் உள்ள எண்ணில் பேசி உறுதிசெய்யாமல் பணம் போகக் கூடாது என்பதை அக்கவுண்ட்ஸ் பிரிவு விதியாக்கிக்கொள்ள வேண்டும். மெயில் முதலாளி பெயரிலேயே வந்தாலும் இந்த விதி மாறக் கூடாது. அப்படிக் கேட்கும் ஊழியரை முதலாளி கடிந்துகொள்ளவும் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் சிக்கத்தான் செய்வார்கள். அந்த நேரத்தில்தான் நம் ஏளனத்தின் விலை தெரிகிறது. பணம் போனதும் 1930 என்ற எண்ணை அழைத்தால், அது போய்ச் சேர்ந்த கணக்கை வங்கி முடக்க முடியும். ஆனால் மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. முதல் கணக்கிலிருந்து பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்து, அங்கிருந்து ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடுகிறது. நிமிடங்கள்தான் கணக்கு. 2024இல் தமிழ்நாட்டில் பறிபோனதில் சுமார் 772 கோடி ரூபாய் முடக்கப்பட்டது. உரியவர்களிடம் திரும்பியது சுமார் 83 கோடி மட்டும்தான். பிள்ளைகள் என்ன சொல்வார்களோ, மருமகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஓர் இரவு முழுக்க விழுங்கிக்கொண்டு கிடப்பவர், மீட்கக்கூடிய பணத்தையும் இழக்கிறார். அந்தத் தயக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது, அடுத்த வீட்டுக்காரர் ஏமாந்தபோது நாம் பேசிய பேச்சு.

பேராசைப்பட்டவர்கள்தானே ஏமாறுகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். டிஜிட்டல் கைதிலும் ஈபி மெசேஜிலும் ஆசைக்கு இடமே இல்லை. அங்கே வேலை செய்வது பயம். முதலீட்டு மோசடியில் ஆசை இருக்கலாம். ஆனால் ஆலை மூடியோ ஓய்வுபெற்றோ கைக்கு வந்த மொத்தத் தொகையை வைத்து மாத வருமானம் தேடுவது குற்றம் அல்லவே. அங்கும் முதலில் சிறு லாபத்தை உண்மையிலேயே கொடுத்துத்தான் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார்கள். தார்மீகக் கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் வேறு. சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் வங்கிக் கணக்கையும் சிம்மையும் இரவல் கொடுப்பவர் இல்லாமல் இந்தப் பணம் நகராது. 2024 டிசம்பரில் ‘திரைநீக்கு’ என்ற பெயரில் தமிழகச் சைபர் கிரைம் பிரிவு நடத்திய நடவடிக்கையில் 76 பேர் கைதானார்கள். விடுதிகளிலும் மேன்ஷன்களிலும் உள்ள இளைஞர்களிடம், கணக்கை வாடகைக்கு விடுவதும் களவுக்குத் துணைபோவதுதான் என்று நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

இதில் வங்கிகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. வாடிக்கையாளர் மீது தவறில்லாத நிலையில், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பை அவர் ஏற்க வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதி வகுத்தது. ஆனால் ஓடிபியைத் தானே சொல்லிவிட்டவருக்கு, புகார் செய்வதற்கு முன் போன பணத்தில் அந்தப் பாதுகாப்பை அந்த விதி தரவில்லை. இன்றைய மோசடியோ, பாதிக்கப்படுபவரின் கையாலேயே பொத்தானை அழுத்தவைப்பது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், இப்படி ஏமாற்றப்பட்டு உள்நாட்டில் அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதை ஆளுக்குப் பாதியாக ஏற்கின்றன. அப்படிக் கொடுத்தால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்பது வங்கிகளின் வாதம். கடும் அலட்சியத்துக்கு அங்கே விலக்கு உண்டு. தவிர, திரும்பக் கிடைக்கும் என்பதற்காக எவரும் வேண்டுமென்றே வாழ்நாள் சேமிப்பைத் தூக்கிக் கொடுப்பதில்லை. சுமை தன் தோளிலும் ஏறினால்தான், திடீரென்று கோடிக்கணக்கில் பணம் வந்து போகும் மாணவரின் சேமிப்புக் கணக்கை வங்கி கண்திறந்து பார்க்கும்.

இழப்பில் வங்கிகளும் பங்கேற்பது முதல் தேவை என்றால், இரண்டாவது தேவை, தாமதம். நாம் முதல்முறையாகப் பணம் அனுப்பும் ஒருவருக்குப் பெருந்தொகை போகும்போது சில மணி நேரம் அதை நிறுத்திவைத்தால் மோசடியின் முதுகெலும்பு முறியும். அவசரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட முடியாமல் போகுமே என்ற கவலை நியாயமானது. அதனால்தான் மருத்துவமனை, கல்லூரி, அரசுக் கட்டணங்களுக்கு விலக்கு வைத்து, புதிய தனிநபர் கணக்குகளுக்கு மட்டும் இதைக் கொண்டுவர வேண்டும். புதிதாக யுபிஐ தொடங்குபவருக்கு முதல் 24 மணி நேரம் தொகை வரம்பு இருப்பதை நாம் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். என் பணத்தை நான் எடுப்பதை யார் தடுப்பது என்ற கேள்விக்கு சிங்கப்பூர் இன்னும் துணிந்து பதில் சொல்லியிருக்கிறது. மோசடி என்று எடுத்துச் சொல்லியும் நம்ப மறுப்பவரின் வங்கிக் கணக்கைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்த, 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் அங்கே காவல் துறைக்கு அதிகாரம் தருகிறது. மிரட்டலின் பிடியில் இருப்பவருடைய ‘சம்மதம்’ அவருடைய சுதந்திரம் ஆகாது.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் மறைமலை நகரே தொடங்கக் கூடியவை பல உண்டு. டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைக்க வரும் முதியவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ‘யாராவது போனில் இருக்கிறார்களா ஐயா?’ என்று வங்கி ஊழியர் கேட்பது கிளை மேலாளரின் ஓர் உத்தரவில் நடைமுறையாகிவிடும். ஆலை நுழைவாயிலிலும் விடுதி மெஸ்ஸிலும் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிவைக்கலாம். புகார் கொடுக்க வருபவரிடம் ‘ஏன் கொடுத்தீங்க?’ என்று தொடங்காமல், ‘எத்தனை மணிக்குப் போச்சு, எந்தக் கணக்குக்கு?’ என்று காவல் நிலையம் தொடங்கலாம். வீட்டில் பெரியவர்களிடம், எவ்வளவு போனாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டோம் என்று பிள்ளைகள் இப்போதே வாக்குக் கொடுக்கலாம். யாரிடமும் சொல்லாதே என்ற மிரட்டல் பலிப்பது, சொன்னால் அவமானம் என்று நாம் ஆக்கிவைத்திருப்பதால்தான். அந்த அவமானத்தை எடுத்துவிடுவது முழுக்க நம் கையில் இருக்கிறது.