பில்டரைக் கழற்றத் திருப்புளி வேண்டாம்

கல்லணையைத் தாண்டி வரும் காவிரியிலிருந்து திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. வாய்க்கால்களில் தண்ணீர் ஏறியதும் சுற்று வட்டாரம் முழுவதும் சேற்றுழவு தொடங்கிவிடும். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. தண்ணீர் வரும் நாள் விவசாயியின் கையில் இல்லை. அன்று டிராக்டர் ஓடும் நிலையில் இருப்பது அவர் கையில்தான் உள்ளது.

குறுவைக்கு நடும் ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் நட வேண்டும். நாற்று முற்றினால் தூர் குறையும். தூர் குறைந்தால் மகசூலும் குறையும். டிராக்டர் இரண்டு மூன்று நாள் பட்டறையில் நின்றால் அந்த நஷ்டம் வயலில் தெரியும். சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயியும் இதற்குத் தப்ப முடியாது. வாடகை வண்டி நின்றால் அவருடைய முறையும் தள்ளிப் போகும்.

இவ்வாறு வண்டி நிற்பதற்குச் சில சமயம் மிகச் சிறிய பொருள் காரணமாகிறது. அது ஆயில் பில்டர். ஆயில் மாற்ற உட்காரும்போது பழைய பில்டர் அசைய மறுக்கும். உடனே இரண்டு தவறுகளில் ஒன்று நடக்கிறது. சிலர் பில்டரை அப்படியே விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றுகிறார்கள். வேறு சிலர் திருப்புளியைச் சுத்தியலால் அடித்து பில்டருக்குள் இறக்கி, அதையே கைப்பிடியாக்கித் திருகுகிறார்கள். இரண்டுமே கூடாது.

பில்டரில் அழுக்கு அடைத்துக்கொண்டாலும் எஞ்சின் உடனே நின்றுவிடாது. ஆயில் இல்லாமல் பேரிங்குகள் தேயக் கூடாது என்பதற்காக அமைத்த பக்கவழி வால்வு திறந்துகொள்ளும். அதன் வழியாக வடிகட்டாத ஆயில் எஞ்சினுக்குள் சுற்றத் தொடங்கும். ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. புது ஆயில் ஊற்றினோம் என்ற திருப்தியும் இருக்கும். உள்ளே தேய்மானம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

திருப்புளி முறையின் கேடு கண்ணுக்கே தெரியும். பில்டரின் உடல் மெல்லிய தகடு. நன்றாக இறுகியிருந்தால் பில்டர் சுழலாது; தகடுதான் கிழியும். அடிப்பகுதி எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்க, மேல்பகுதி மட்டும் கையோடு வரும். அதன் பிறகு வண்டியை ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டு போகவும் முடியாது.

இதற்கு ஏற்ற கருவிகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் எல்லாக் கருவியும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. தொப்பி போல பில்டரின் நுனியில் மாட்டும் ஸ்பேனர் நழுவாமல் பிடிக்கும். ஒரே அளவுக்கு மட்டுமே உதவும். மூன்று கால் கொண்ட கருவி கை நுழையாத இடுக்கில் பயன்படும்; நுனியைப் பிடிப்பதால் அழுத்தினால் தகட்டை நசுக்கும். செயின் ரென்ச் மிகவும் இறுகிய, துருப்பிடித்த பெரிய பில்டருக்கு ஏற்றது. அது தகட்டில் தடம் பதிக்குமாதலால் தூக்கி எறியும் பில்டருக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். பெல்ட் ரென்ச் பல அளவுகளுக்குப் பொருந்தும். தகட்டையும் அதிகம் சேதப்படுத்தாது. டிராக்டர், பவர் டில்லர், வீட்டு வண்டி என்று பல எஞ்சின்கள் உள்ள கிராமத்துக்கு ஒரே ஒரு கருவி வாங்குவதானால் பெல்ட் ரென்ச்தான் சிறந்தது. இதன் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

இதன் பலன் எளிய கணக்கு. 9 செ.மீ. விட்டமுள்ள பில்டரைக் கையால் பிடித்தால் விசை மையத்திலிருந்து 4.5 செ.மீ. தூரத்தில் விழுகிறது. 22.5 செ.மீ. நீளக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் அதே பலம் ஐந்து மடங்கு திருகு விசையாகிறது. ஏற்றத்தின் நீண்ட துலாவை அறிந்த விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கழற்றும் முறையும் முக்கியம். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் எளிதில் வடியும்; ரப்பர் வளையமும் சற்று இளகும். கை சுடும் அளவு சூடு கூடாது. ஆயிலை வடித்த பின், பில்டரின் மேல் உள்ள எண்ணெயையும் சேற்றையும் துடைத்துக் காய வைக்க வேண்டும். முதலில் உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கத்தைச் சுற்றிக் கையாலேயே முயன்று பார்க்கலாம். அசையாவிட்டால் பெல்ட்டை நடுவில் மாட்டாமல், எஞ்சினை ஒட்டிய அடிப்பகுதியில் மாட்ட வேண்டும். அங்கேதான் தகடு வலுவாக இருக்கும்.

பலர் சறுக்குவது திசையில். பில்டரின் மூடிய நுனியை நேரே பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்ப வேண்டும். கீழ்நோக்கித் தொங்கும் பில்டரை மேலிருந்து பார்த்துத் திருப்புகிறவர் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுவார். ஏற்கெனவே தகடு கிழிந்துவிட்டால், எஞ்சின் பக்கத்து முகத்தில் உளி படாதபடி, அடித்தட்டின் விளிம்பில் உளியை வைத்து மெல்லத் தட்டித் தட்டிச் சுழற்றலாம். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. டீசல் பம்புசெட்டுகளில் நடு போல்ட்டால் பிடித்த கிண்ண வகை டீசல் பில்டர் இருந்தால் அதற்கு பெல்ட் வேண்டாம். சரியான அளவு ரிங் ஸ்பேனர் போதும். குறடு போட்டால் போல்ட்டின் முனைகள் மழுங்கும்.

உண்மையில், கழற்ற முடியாத பில்டர் தானாக உண்டாவதில்லை. போன முறை மாட்டியவர் உண்டாக்கியது அது. ரப்பர் வளையத்தில் ஆயில் தடவாமல் உலர்ந்தபடி மாட்டுவதும், கழற்றும் கருவியாலேயே இறுக்குவதும்தான் பெரும்பாலும் காரணம். புதிய பில்டரை மாட்டுமுன் பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீறிட்டு வெளியேறும். புதிய வளையத்தில் சிறிது புது ஆயில் தடவி, வளையம் தொடும்வரை திருகி, அதற்கு மேல் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான பில்டர்களுக்குப் போதும். பில்டர் மீது அச்சிட்டிருக்கும் அளவு வேறாக இருந்தால் அதன்படி செய்ய வேண்டும். புது ஆயிலை அளவாக ஊற்றி, எஞ்சினை ஓட்டிக் கசிவு உண்டா என்று பார்த்து, நிறுத்திய பின் அளவுக் கம்பியை மீண்டும் பார்க்க வேண்டும்.

"மெக்கானிக் இருக்கும்போது விவசாயிக்கு இது ஏன்?" என்று கேட்கலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டி கம்பெனி சர்வீசுக்கே போக வேண்டும் என்பது சரி. ஆனால் இரண்டாம் கை டிராக்டர் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மேலும், சேற்றுழவு நாட்களில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் பட்டறையைத் தேடும்.

ஆகவே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். ஆயில் பில்டர் மாற்றும் வேலையைத் தண்ணீர் வருமுன் சித்திரை, வைகாசியிலேயே முடித்துவிட வேண்டும். அப்போது பில்டர் முரண்டு பிடித்தாலும் நடவு கெடாது. அடுத்து, ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் ஒரு பெல்ட் ரென்ச், ஒரு செயின் ரென்ச், ஒரு செட் ரிங் ஸ்பேனர் ஆகியவற்றை வாங்கி வைத்து உறுப்பினர்களுக்கு இரவல் தரலாம். வேளாண்மைப் பொறியியல் துறையினர் கோடையில் ஒரு நாள் செய்து காட்டினால் ஓட்டுநர்கள் பிடித்துக்கொள்வார்கள். கழிவு ஆயிலை வாய்க்காலில் கொட்டாமல் டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்கும் பழக்கத்தையும் அங்கேயே கற்றுத் தரலாம். அந்த வாய்க்கால் நீர்தான் நாற்றங்காலுக்கும் மாட்டுக்கும் போகிறது.

டிராக்டர் வாங்க லட்சக்கணக்கில் கடன் தர ஏற்பாடு உண்டு. அதை ஓட வைக்கும் சில நூறு ரூபாய்க் கருவிக்கும் ஊரில் ஓர் இடம் வேண்டும்.