ஒரு வார்த்தை விட்டுப்போனதால் 35 வருஷம்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வானூர் பக்கம் சின்னதாக ஒரு கல்குவாரி குத்தகை, கூடவே ஒரு கிரஷர் வைத்திருக்கிறான். கையில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ். "சார், கவர்மெண்டுக்குக் கட்டுன ராயல்டிக்கு மேல இன்னொரு வரி கட்டணுமாம். ராயல்டி வரியே இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சே, அப்ப இது செல்லாதுதானே? வாட்ஸ்அப்புல அப்படித்தான் வந்துச்சு" என்றான்.

"உட்காருடா, முதலில் காபி குடி" என்றேன். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். நம் திண்டிவனம் வட்டாரத்தில் கல், ஜல்லி, டிப்பர் என்று பிழைக்கிறவர்கள் பலர். வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்குமே இது சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்தக் கதை தொடங்கியது நம் தமிழ்நாட்டில்தான். 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தில், நிலவரி ஒரு ரூபாய்க்கு 45 காசு உள்ளூர் செஸ் என்று வைத்தார்கள். அந்த நிலவரிக்குள் சுரங்க ராயல்டியும் அடங்கும் என்று 1964-ல் திருத்தி ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 1989 அக்டோபர் 25-ல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அந்த செஸ் செல்லாது என்றார்கள். அந்தத் தீர்ப்பில்தான் "ராயல்டி ஒரு வரி" என்ற வாசகமும் வந்தது.

2004-ல் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள், அது அச்சுப்பிழையாக இருக்க வேண்டும், "ராயல்டி மீதான செஸ் ஒரு வரி" என்றுதான் எழுத நினைத்திருப்பார்கள் என்றார்கள். சொல்வதை எழுதச் சொல்லிவிட்டு, வார்த்தை விட்ட பிள்ளைக்கு ஐந்து முறை எழுதும் தண்டனை கொடுத்தவன் நான். இங்கே முடிவு தெரிய 35 வருஷம் ஆயிற்று. 2024 ஜூலை 25-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரி அல்ல என்று முடித்தார்கள். கனிமத்தை வெட்டி எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைக்காரர் கொடுக்கும் பிரதிபலன் அது என்பது அவர்கள் முடிவு. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார்.

என் மாணவன் தப்பாகப் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான். ராயல்டி வரியாக இருந்தால் "வரிக்கு மேல் வரியா?" என்று கேட்கலாம். வரி இல்லை, விலை மாதிரி ஒன்று என்று ஆன பிறகு அந்தக் கேள்வி வலுவிழந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு ஜி.எஸ்.டி.யைப் பற்றி நேரடியாக எதுவும் முடிவு செய்யவும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தது தலைகீழ்ப் பாடம்.

ஜி.எஸ்.டி. கணக்கு இப்படி. கல் எடுக்க உரிமை தருவது அரசு செய்யும் ஒரு சேவை, அதற்கு 18 சதவீதம் என்கிறது துறை. அரசு வசூலிக்காது. குத்தகைக்காரரே தன் கையிலிருந்து கட்ட வேண்டும். ராயல்டி ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 18,000. அவர் பத்து லட்சத்துக்கு ஜல்லி விற்றால் 5 சதவீதம், அதாவது 50,000. முன்னே கட்டிய 18,000-ஐ இதில் கழித்துக்கொண்டு மீதி 32,000 கட்டினால் போதும். மொத்தத்தில் அரசுக்குப் போவது அதே 50,000-தான்.

அப்படியென்றால் எதற்கு அழுகை? பழைய பாக்கிதான் காரணம். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தது. தொடக்கத்தில் ராயல்டிக்கு 5 சதவீதமா 18-ஆ என்பதில் குழப்பம். 2019 ஜனவரி முதல் 18 என்று விதியைத் திருத்தினார்கள். பிறகு 2021 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை விட்டு, 2017 ஜூலையிலிருந்தே 18-தான் என்றார்கள். அதே மாதம் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் இந்த வரியை வசூலிக்க இடைக்காலத் தடையும் கொடுத்தது. எதை நம்புவான் சாதாரண ஆள்? காலத்தில் கட்டாத 18,000-க்கு வருஷம் 18 சதவீத வட்டி என்றால் ஐந்து வருஷத்தில் 16,200. வரியையாவது கழிக்கலாம், அதற்கும் கெடு உண்டு. வட்டியைக் கழிக்கவே முடியாது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் வரும் ராயல்டிக்கு வரி கேட்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் தேர்வு முடிந்த பிறகு வினாத்தாளைத் திருத்திவிட்டு மார்க்கைக் குறைப்பது நியாயமா? 2024 ஆகஸ்ட் 14-ல் அதே ஒன்பது நீதிபதிகள், மாநிலங்கள் 2005 ஏப்ரல் முதலான கனிம வரி பாக்கியைக் கேட்கலாம் என்று சொன்னபோது, 12 வருஷத் தவணை கொடுத்தார்கள். தீர்ப்பு நாளுக்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் வேண்டாம் என்றார்கள். பெரிய சுரங்கக் கம்பெனிகளுக்கும் கிடைத்த அந்தக் கருணை சின்னக் கிரஷர்காரருக்கும் வேண்டும். ஜி.எஸ்.டி.யில் முதல் மூன்று நிதியாண்டுகளுக்கு ஒரு வட்டித் தள்ளுபடி வந்தது உண்மைதான். 2025 மார்ச் 31-க்குள் வரியைக் கட்டவேண்டும் என்ற கெடுவோடு அது முடிந்துவிட்டது. வழக்கு தீரட்டும் என்று காத்திருந்தவர் வெளியே நிற்கிறார். அந்தக் கதவை இன்னொரு முறை திறக்க வேண்டும்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. சேவை என்றால் என்ன? வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்ப வாங்கலாம். வெட்டிய மலையை யார் திருப்பித் தருவார்? அன்று அந்த 45 காசு பஞ்சாயத்துக்கு என்று வைத்தார்கள். இன்றைய 18 சதவீதத்தில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. தூசியையும் டிப்பர் ஓட்டிய சாலையையும் சுமக்கும் ஊருக்கு நேராக ஒரு பைசா இல்லை. கனிமத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்கு மாவட்ட கனிம அறக்கட்டளை இருக்கிறது. உங்கள் ஊருக்கு அதிலிருந்து என்ன வந்தது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

குவாரி வைத்திருக்கும் பிள்ளைகளே, நோட்டீஸை பீரோவில் பூட்டாதீர்கள். கொடுத்திருக்கும் நாளுக்குள் பதில் எழுதுங்கள். கட்டிய சலான்களை வருஷவாரியாக அடுக்குங்கள். வீடு கட்டும் பிள்ளைகளே, "ராயல்டிக்கு ஜி.எஸ்.டி., அதான் ஜல்லி விலை ஏறிப்போச்சு" என்று யாராவது சொன்னால், மேலே போட்ட கணக்கைக் காட்டி, பில்லும் கேளுங்கள்.

என் மாணவன் கிளம்பும்போது, "அப்ப கட்டணுமா சார்?" என்றான். "வரியை ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்குப் பாருடா, வட்டிக்குப் போராடு" என்றேன்.

நான் சொன்னதில் பிழை இருந்தால், கணக்கு படித்த பிள்ளைகள் கமெண்டில் திருத்துங்கள். வாத்தியாரும் வார்த்தை விடுவார்.

அன்புடன்,
உங்கள் சார், திண்டிவனம்.