நனைந்த காம்பராவையும் பட்டியலில் எழுது

லயத்தில் நெருப்புப் பிடித்தால் மறுநாள் வருகிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை காம்பரா எரிந்தது?" என்பதுதான். துரை கேட்கிறார். கிராம உத்தியோகத்தர் கேட்கிறார். நிவாரணம் கொண்டு வருகிறவர்கள் கேட்கிறார்கள். சங்கத்துக்காரர்களாகிய நாமும் அதையே கேட்கிறோம். எத்தனை காம்பரா நனைந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நமது பகுதித் தோட்டமொன்றில் 12 காம்பரா உள்ள லயத்தில் இரவில் தீப்பிடித்தது. லயத்துக்கு நெடுகிலும் ஒரே கூரைதான். அதனால் ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்த காம்பராவுக்குத் தாவ அதிக நேரம் எடுக்கவில்லை. பட்டணத்திலிருந்து தீயணைப்பு வண்டி ஏறி வருமுன் ஊர்ச்சனம் வரிசையாக நின்று பீலித் தண்ணீரை வாளி வாளியாகக் கை மாற்றி ஊற்றியது. இளைஞர்கள் கூரையில் ஏறி, தீ மேலும் பரவாமலிருக்கப் பக்கத்துக் காம்பராக்களின் தகரத்தைக் கழற்றி எறிந்தார்கள். பிறகு வண்டி வந்து தண்ணீர் அடித்தது. 4 காம்பராக்கள் எரிந்து போயின. 8 காம்பராக்கள் தப்பின. உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் சனத்தின் கைகளைத்தான் நாம் கும்பிட வேண்டும்.

ஆனால் விடிந்தபோது அந்த எட்டுக் காம்பராவிலும் கரி கலந்த தண்ணீர் தேங்கி நின்றது. மெத்தை, அரிசி மூட்டை, உடுப்பு, பிள்ளைகளின் கொப்பி, கட்டிலுக்குக் கீழே இருந்த ட்ரங்குப் பெட்டி, எல்லாம் நனைந்திருந்தன. தகரம் கழற்றிய இடத்தில் வானம் தெரிந்தது. அன்று பின்னேரமே மழையும் பெய்தது. எழுதப்பட்ட பட்டியலில் 4 குடும்பங்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. அந்த நால்வருக்கும் மண்டபத்தில் இடம் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்த பதில், "உங்க வீடு இருக்குதானே, போய்க் கழுவிட்டு இருங்க" என்பது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு தாய் சொன்னார்: "டீச்சர், எங்க காம்பராவுல நெருப்புப் புடிக்கல. அதனால எங்களுக்கு ஒன்னுமே நடக்கலன்னு எழுதிட்டாங்க."

அந்தப் பட்டியலை எழுதும்போது நம் சங்கத்து ஆட்களும் பக்கத்தில்தான் நின்றோம். அதை மறைத்துவிட்டு இந்தத் தலையங்கத்தை எழுத எனக்கு மனமில்லை.

எரிந்த சேதம் கண்ணுக்குத் தெரியும். நனைந்த சேதம் மெதுவாகத்தான் வெளியே வரும். சூடேறிய கல் சுவரில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும். மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர் தண்ணீர் குடித்தால் உள்ளே இளகும். அன்று நின்ற சுவர் சில நாள் கழித்துச் சரியலாம். ஈர மெத்தையிலும் உடுப்பிலும் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பனியும் மழையுமான நமது மலையில் அது காய்வதும் லேசில் நடக்காது. அதிலே படுக்கிற குழந்தைக்கு இருமலும் இழுப்பும் வந்தால், அதை யாரும் தீ விபத்தின் கணக்கில் எழுதப் போவதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். லயத்தின் கூரையும் சுவரும் தோட்டத்துக்குரியவை. கூரைக்குக் கீழே இருந்ததுதான் நம்முடையது. எரிந்தாலும் நனைந்தாலும் அந்த இழப்பு நம் தலையில்தான் விழுகிறது. ஆகவே கணக்கை எழுத வேண்டியவர்களும் முதலில் நாமே.

இப்படியொரு நாள் எந்த லயத்துக்கும் வரலாம். வந்தால் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம். வெட்டி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மின்சாரம். ஒரு காம்பரா எரிந்தாலும் முழு லயத்துக்கும் மின்சாரம் நிறுத்தப்பட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சையோ வயரையோ யாரும் தொடக்கூடாது. மின்சாரம் தெரிந்தவர் வந்து ஒவ்வொரு காம்பராவின் வயரையும் பார்த்த பிறகே திரும்பக் கொடுக்க வேண்டும். வெடிப்பு விழுந்த சுவருக்குப் பக்கத்தில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சூட்டில் அது வெடித்துச் சிதறும். அதன் தூள் நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்தும் நோய் வரும். காய்ந்த துண்டுகளை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடி, கையுறை போட்டுப் பொறுக்கித் தடித்த பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

எதையும் எறியுமுன் படம் எடுங்கள். வீட்டில் ஒருவரிடம் கமரா உள்ள போன் இருந்தால் போதும். காம்பராவின் நான்கு பக்கமும், கூரையும், நனைந்த ஒவ்வொரு சாமானும் படத்தில் இருக்கட்டும். ஒரு கொப்பியில் பெயரும் எண்ணிக்கையும் எழுதுங்கள். அதன் பிறகு கழுவுங்கள். படிந்த கரியை ஈரத் துணியால் தேய்த்தால் அது இன்னும் ஊறிப் பரவும். முதலில் காய்ந்த துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள்.

கரித்தண்ணீர் பட்ட அரிசி, மா, சீனி, மருந்து எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். வீணாகிறதே என்று மனம் வராது. ஆனாலும் எறியுங்கள். நனைந்த பஞ்சு மெத்தையும் ஸ்பொஞ் மெத்தையும் வெளியே காய்ந்தாலும் உள்ளே காயாது.

பத்திரங்களுக்கு உடனே கை கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், அடகுத் துண்டு, கிளினிக் கொப்பி, இவற்றை ஒட்டியபடி பிய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். அடுப்புக்கு மேலே வைக்காதீர்கள். நிறையக் கடுதாசி இருந்து உடனே காய வைக்க முடியாவிட்டால், பொலித்தீன் பையில் போட்டுக் கடைக்காரரின் பிரிட்ஜில் ஐஸ் உறையும் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். உறைந்த கடுதாசியில் பூஞ்சணம் வளராது. பிறகு ஆறுதலாக ஒவ்வொன்றாகக் காய வைக்கலாம். 1948இல் பிரஜாவுரிமை இழந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை கடுதாசிக்காக அலைந்த சனம் நாம். ஒரு துண்டின் பெறுமதியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு முறைப்பாடு. பொலிசிலும் தோட்டக் கந்தோரிலும் கிராம உத்தியோகத்தரிடமும் நனைந்த குடும்பங்களும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். பிள்ளைகளின் புத்தகமும் சீருடையும் நனைந்திருந்தால் அதே வாரத்தில் அதிபரிடம் சொல்லுங்கள். கொப்பி இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் வீட்டில் நிற்கக்கூடாது.

இவை நாம் செய்யக்கூடியவை. மற்றவர்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. தோட்ட நிர்வாகங்களிடம் சங்கம் கேட்பது இவைதான்: லயத்தில் தீ என்றால் எரிந்தவை, நனைந்தவை, கூரை கழற்றப்பட்டவை என மூன்றையும் ஒரே பட்டியலில் எழுத வேண்டும். கூரை கழன்ற காம்பராக்களுக்கு அன்று இரவுக்கு முன் படங்கு தர வேண்டும். சுவரையும் வயரையும் தகுதியானவர் பார்த்துச் சொல்லும்வரை யாரையும் உள்ளே போகச் சொல்லக்கூடாது. பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பேர் போகிறது. ஆகவே நடமாடும் சேவையைத் தோட்டத்துக்கே அழைக்க நிர்வாகம் முன்வர வேண்டும். குப்பை அகற்றவும் குடிதண்ணீர் பவுசர் அனுப்பவும் பிரதேச சபையிடமும் கேட்போம். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பின், "தோட்டத்துக்குள் வர முடியாது" என்ற பழைய பதில் செல்லாது.

கடைசியாக நமக்குள்ளே பேச வேண்டிய ஒன்று. அந்த லயத்தில் எரிந்த குடும்பங்களுக்கும் நனைந்த குடும்பங்களுக்கும் இடையே இப்போது மனக்கசப்பு. வந்த மெத்தையும் அரிசியும் போதாது. "நமக்கு வந்ததை அவர்கள் பங்கு கேட்கிறார்கள்" என்ற பேச்சு. எல்லாம் எரிந்தவருக்கு முதல் உரிமை உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நனைந்தவர் கேட்பது எரிந்தவரின் பங்கை அல்ல. பட்டியலில் தன் பெயரை. பட்டியல் சிறியதாக இருந்தால் வருகிற உதவியும் சிறியதாகத்தான் இருக்கும். அந்தச் சிறியதுக்காக நாம் சண்டை பிடிப்போம்.

தன் கூரைத் தகரத்தைக் கழற்ற விட்டு, தன் வீட்டுக்குள் தண்ணீர் ஊற்ற விட்டுத்தான் அந்த எட்டுக் குடும்பமும் லயத்தைக் காப்பாற்றியது. அவர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதிய புதிய பட்டியலோடு நமது தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் இந்த வாரம் கந்தோருக்குப் போகிறார்கள். அந்தத் தோட்டத்து அங்கத்தவர்கள் எல்லோரும் கூடவே வாருங்கள். எரிந்த நான்கு குடும்பங்களும் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.