பதினெட்டைக் காட்டி எண்பத்திரண்டை மறைக்காதீர்கள்

ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில், இயற்கை வாழ்வியல் பேசும் ஒருவர் மேடையேறிச் சின்னம்மைத் தடுப்பூசியை ஒரு பிடி பிடித்திருக்கிறார். அந்தப் பேச்சு இப்போது சேலம், நாமக்கல், திருச்செங்கோடு என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. ஊசி போட்ட பிள்ளைக்கும் அம்மை வருகிறது. வந்தாலும் மூணு தண்ணி ஊத்தினால் சரியாகிவிடும். மீசை முளைத்த பையனுக்கு இனி ஊசி எதற்கு. போட்டால் பின்னாளில் அக்கி வரும். நல்ல ஊசி என்றால் அரசாங்கமே போடாதா? அவர் சொன்னது இவ்வளவுதான். இதில் பாதி பொய். மீதி, பொய்க்குக் கூலி வேலை செய்யும் அரை உண்மை.

கைதட்டல் வாங்கிய வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் அம்மை கண்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள், ஆகவே ஊசி தண்டம் என்றார். நூறு பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 90 பேர் ஒரு தவணை ஊசி போட்டவர்கள், 10 பேர் போடாதவர்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒட்டுகிற வேகத்தில் சின்னம்மை பரவினால், போடாத 10 பேரில் 9 பேர் படுப்பார்கள். அதே வேகத்தில், ஊசி இல்லையென்றால் அந்த 90 பேரில் 81 பேர் படுத்திருப்பார்கள். ஒரு தவணை சுமார் 82 சதவீதம் தடுக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. அதன்படி 15 பேருக்குத்தான் வரும். ஆக மொத்தம் 24 பேருக்கு அம்மை, அவர்களில் 15 பேர் ஊசி போட்டவர்கள். 24-ல் 15 என்று காட்டிவிட்டு அவர் மேடையை விட்டு இறங்கிவிடுவார். 10-ல் 9 எங்கே, 90-ல் 15 எங்கே? ஊசியால் படுக்காமல் தப்பிய 66 பிள்ளைகளை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. இது தெரியாமல் செய்த பிழை என்றால் அவர் மேடையேறக் கூடாது. தெரிந்தே செய்தது என்றால் பெற்றோர் அவரை மன்னிக்கக் கூடாது.

அந்த 15 பேருக்கு வந்தது எப்படிப்பட்ட அம்மை என்பதையும் அவர் சொல்லவில்லை. ஊசி போடாத பிள்ளைக்கு உடம்பில் 250 முதல் 500 வரை முத்துகள் எழும்பும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் புண்ணாகி இளநீர்கூட இறங்காது. காய்ச்சலில் கிடந்து, வேப்பிலைக் கொத்தால் வருடிவிடச் சொல்லி ராத்திரியெல்லாம் அழும். ஊசி போட்ட பிள்ளைக்கு வரும்போது பெரும்பாலும் 50-க்குள் அடங்கிவிடுகிறது. பல நேரம் நீர் கோக்காமல், கொசு கடித்த தடிப்புப் போல சீக்கிரமே மங்கிவிடும். அடுத்தவருக்கு ஒட்டும் வேகமும் அத்தகைய பிள்ளையிடம் மூன்றில் ஒரு பங்குதான். கடுமையான நோயைத் தடுப்பதில் ஒரு தவணையே ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு.

நாமக்கல்லில் நின்றுகொண்டு இந்த வாதத்தைச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. முட்டைக்கோழிக் குஞ்சுக்குப் பொரித்த அன்றே மேரக்ஸ் என்ற கோழிநோய்க்கு ஊசி போடுகிற ஊர் இது. மேரக்ஸ் கிருமியும் சின்னம்மைக் கிருமியும் ஹெர்ப்பிஸ் என்ற ஒரே பெருங்குடும்பம். மேரக்ஸ் ஊசி கிருமி உள்ளே நுழைவதைத் தடுப்பதில்லை. கோழிக்குக் கட்டி வைத்துச் சாவதைத் தடுக்கிறது. அதைத் தண்டச் செலவு என்று எந்தப் பண்ணைக்காரரிடமாவது போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். கோழிக்குப் பொருந்துகிற நியாயம் பெற்ற பிள்ளைக்குப் பொருந்தாதா?

அடுத்தது, ‘சாதாரண நோய்’ என்ற பேச்சு. தடுப்பூசி வருவதற்கு முன் அமெரிக்காவில் ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 100 முதல் 150 பேர் இறந்தார்கள். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. 1 முதல் 14 வயது வரை லட்சம் நோயாளிகளில் ஒருவர் இறந்தார் என்றால், 15 முதல் 19 வயதில் ஆறு பேர். பெரியவர்களில் இருபதைத் தாண்டியது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்கு அம்மை கண்டால், பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து. விடுதியிலிருந்து அம்மையோடு பஸ் ஏற்றி அனுப்பப்படும் பையன் போய்ச் சேரும் வீட்டில் நிறைமாத அக்காவோ சித்தியோ இருக்கலாம். அவன் முகத்தில் முதல் முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே, படிப்பு அறையிலும் சாப்பாட்டு வரிசையிலும் நோயைக் கொடுக்கத் தொடங்கியிருப்பான். மூணு தண்ணிக் கணக்கு இதில் எதற்கும் விடை சொல்லாது.

மீசை முளைத்தவனுக்கு எதற்கு என்ற கேள்விதான் இருப்பதிலேயே பொறுப்பற்றது. குளிர்நாடுகளில் ஊசி வருவதற்கு முன் பத்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சின்னம்மை வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் அப்படி இல்லை. வாலிப வயதைத் தொட்ட பிறகும் வராதவர்கள் நிறைய. வேலூர் சி.எம்.சி.யில் நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் பங்கேற்று 1984-ல் வெளிவந்த ஆய்வு, மருத்துவமனை ஊழியர்களும் மாணவர்களும் சின்னம்மைக்கு ஆளாவதையே ஆராய்ந்தது. ஆபத்து ஏறுகிற அதே வயதில் பிள்ளைகளை ஓர் அறைக்குப் பத்துப் பேர், இருபது பேர் என்று அடைத்து வைக்கிறோம். பிளஸ் டூ தேர்வுக்கு முந்தைய மாதங்கள்தான் இங்கே அம்மைக் காலமும். தனி அறையில் உட்கார்ந்து, முகமெல்லாம் முத்தோடு பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இந்த மாவட்டங்களுக்குப் புதிதல்ல. இவர்களுக்கா ஊசி வேண்டாம்?

இந்த வயதில் ஒரே ஒரு தவணை போதாது என்பது உண்மை. 13 வயதைக் கடந்தவர்களில் முதல் தவணைக்குப் பிறகு 78 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்புச் சக்தி உருவாகிறது. நான்கு முதல் எட்டு வாரம் கழித்து இரண்டாவது தவணை போட்டால் அது 99 சதவீதமாகிறது. ஆகவே பெற்றோரிடம் சொல்ல வேண்டியது ‘இரண்டையும் போடுங்கள்’ என்பது. ‘போடவே போடாதீர்கள்’ என்பதற்கு இதில் இடமே இல்லை. சில வருடத்தில் வீரியம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 1995-ல் கலிபோர்னியாவில் ஊசி போட்ட 7,585 குழந்தைகளை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதுகாப்பு குறையவில்லை, சராசரியாக 90 சதவீதம் நின்றது. இரண்டாம் தவணை போட்ட ஒருவருக்குக்கூட அந்தக் காலத்தில் சின்னம்மை வரவில்லை.

அக்கி விஷயத்தில் அவர் உண்மையைத் தலைகீழாக்கியே விட்டார். சின்னம்மை ஆறிய பிறகும் அந்தக் கிருமி நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ, உடம்பு நலிந்த நேரத்திலோ அது மறுபடி கிளம்புவதுதான் அக்கி. காவி மண்ணைக் குழைத்து உடம்பில் உருவம் எழுதி நம் ஊரில் பார்த்த வைத்தியம் இந்த நோய்க்குத்தான். ஊசியில் இருக்கும் பலவீனமாக்கப்பட்ட கிருமியும் தங்கலாம். ஆனால் ஊசி போட்ட பிள்ளைகளிடம் அக்கி வருவது போடாதவர்களைவிட 78 சதவீதம் குறைவு என்று 2019-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அக்கிக்குப் பயப்படுகிறவர்தான் முதலில் ஊசிக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

அரசே போடவில்லையே என்ற கடைசி வாதத்தில் ஓர் உண்மை உண்டு. நம் தேசிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் சின்னம்மை இல்லை. பாதிப் பேருக்கு மட்டும் போட்டு மீதியை விட்டால், நோய் பெரிய வயதினரை நோக்கி நகரும் என்ற கவலையை உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது; 80 சதவீதத்துக்குக் குறையாமல் போட வேண்டும் என்பது அதன் அறிவுரை. இங்கிலாந்தும், பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் பெரியவர்களிடம் அக்கி கூடுமோ என்று கணக்குப் பார்த்துப் பல ஆண்டு தயங்கியது. பிறகு 2023-ல் அதன் நிபுணர் குழு பரிந்துரைத்தது. 2026 ஜனவரி முதல் குழந்தைகளுக்கு அரசே போடுகிறது. தயங்கியவர்கள்கூட ஊசி வேலை செய்யாது என்று சொன்னதில்லை. குறைவாகப் போடுவது ஆபத்து என்பதிலிருந்து கிடைக்கிற முடிவு, எல்லோருக்கும் போடு என்பது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு தவணைகளைப் பரிந்துரைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வசதி உள்ளவர் பிள்ளைக்கு அது கிடைக்கிறது. பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளியும் சேலத்துக் கொலுசுப் பட்டறைக்காரரும் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாமல் திரும்புகிறார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய இடத்தில் நின்று, கிடைக்காததே நல்லது என்று இவர் ஆறுதல் சொல்கிறார். ஏழைக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

ஊசி போட்டால் அம்மன் கோபிப்பாள் என்ற பயத்தையும் அவர் பேச்சு தூண்டிவிட்டிருக்கிறது. 1975 மே மாதத்தோடு இந்த நாட்டில் பெரியம்மை ஒழிந்தது, தடுப்பூசியால். அதற்குப் பிறகும் சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் பூச்சாட்டுதலும் பொங்கலும் குறைவில்லாமல் நடக்கின்றன. பக்தியை ஊசி தொட்டதில்லை. பக்தியைத் தன் வாதத்துக்குக் கேடயமாகப் பிடிப்பவரைத்தான் கண்டிக்க வேண்டும்.

விடுதிப் பள்ளிகள் ஜூன் சேர்க்கையில் மதிப்பெண் பட்டியலோடு தடுப்பூசி அட்டையையும் கேட்கட்டும். போடாத பிள்ளைக்கு, மருத்துவர் தடை சொல்லாத வரை, அம்மைக் காலத்துக்கு முன்பே இரண்டு தவணையும் முடியட்டும். கருவுற்றவர்களுக்கும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இந்த ஊசி போட முடியாது. சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. விடுதி நிறைந்த நம் மாவட்டங்களிலிருந்தே இலவச ஊசியைத் தமிழக அரசு தொடங்கலாம். அதைக் கேட்கிற முதல் குரல் பெற்றோருடையதாக இருக்கட்டும். அந்தப் பேச்சாளர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அதே பெற்றோரைக் கூட்டி, அதே மேடையில் ஏறி, தான் விட்டுவிட்ட அந்த 66 பிள்ளைகளின் கணக்கைச் சொல்லட்டும். அதுவரை பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேச அவருக்கு அருகதை இல்லை.